மாஸ் ஷூட்டிங்: ஒரே ஆண்டில் 2 என்றும் 600 என்றும் எப்படி வருகிறது?

அமெரிக்காவில் ஒரு பள்ளியிலோ கடைவீதியிலோ துப்பாக்கிச்சூடு நடந்தால், அன்றிரவே வாட்ஸ்அப் குழுக்களில் ஓர் எண் சுற்ற ஆரம்பித்துவிடும். "இந்த வருஷம் இது 300-வது சம்பவம்" என்று ஒருவர் போடுவார். "அதெல்லாம் ஊதிப் பெருக்கிய கணக்கு, உண்மையில் ஐந்தாறுதான் இருக்கும்" என்று இன்னொருவர் பதில் போடுவார். அப்புறம் சண்டை துப்பாக்கியை விட்டுவிட்டு, யார் பொய் சொல்கிறார்கள் என்பதில் போய் நிற்கும்.

பெரும்பாலும் இரண்டு பேருமே பொய் சொல்வதில்லை. 2020-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். மதர் ஜோன்ஸ் என்ற பத்திரிகை வைத்திருக்கும் மாஸ் ஷூட்டிங் (ஒரே சம்பவத்தில் பலர் சுடப்படுவது) பட்டியலில் அந்த ஆண்டுக்கு 2 சம்பவங்கள்தான். அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. 40 என்று அறிக்கை கொடுத்தது. கன் வயலென்ஸ் ஆர்க்கைவ் என்ற தன்னார்வ அமைப்பின் கணக்கு 600-ஐத் தாண்டியது. மூன்றும் ஒரே நாடு, ஒரே ஆண்டு. எந்தக் கணக்கிலும் கள்ளம் இல்லை. அவர்கள் எண்ணியது வேறு வேறு பொருள், அவ்வளவுதான். இது புரியாமல் இந்த விஷயத்தைப் பேசவே முடியாது என்று நினைப்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மழை நாளை எண்ணுவது போல

போன ஐப்பசியில் சென்னையில் எத்தனை நாள் மழை பெய்தது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவர் ஒரு தூறலையும் விடாமல் சேர்த்துக்கொள்வார். இந்திய வானிலைத் துறை அப்படி எண்ணாது. ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டராவது பதிவானால்தான் அதன் கணக்கில் அது மழை நாள். அந்த 'நாள்' என்பதும் காலை 8.30 மணியிலிருந்து மறுநாள் காலை 8.30 வரை. நுங்கம்பாக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு மீனம்பாக்கத்தில் சொட்டுக்கூட விழவில்லை என்றால், ஒரு நிலையத்தில் அது மழை நாள், இன்னொன்றில் இல்லை.

இதில் மூன்று விதிகள் இருப்பதைக் கவனியுங்கள். எவ்வளவு பெய்தால் சேர்ப்பது, எந்த நேரத்துக்குள் பெய்ததைச் சேர்ப்பது, எந்த இடத்தில் பெய்ததைச் சேர்ப்பது. இப்படி முன்கூட்டியே எழுதி வைக்கும் விதிகளின் தொகுப்புக்குத்தான் வரையறை என்று பெயர். மாஸ் ஷூட்டிங் கணக்கிலும் இதே மூன்றும் உண்டு. கூடவே, மழைக்கு இல்லாத நான்காவது ஒன்றும் உண்டு: எதற்காகச் சுட்டார் என்ற கேள்வி.

மழைக்காவது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரு துறை இருக்கிறது. மாஸ் ஷூட்டிங் என்பதற்கு அமெரிக்க மத்திய அரசிடம் எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒற்றை வரையறை கிடையாது. அதனால் கணக்கெடுக்கும் ஒவ்வொருவரும் தங்கள் விதியைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள்.

எத்தனை பேர்? இறந்தவர்களா, குண்டுபட்டவர்களா?

முதல் விதி, குறைந்தபட்ச எண்ணிக்கை. அதாவது, எத்தனை பேர் பாதிக்கப்பட்டால் ஒரு சம்பவம் பட்டியலில் ஏறும் என்ற கோடு.

இந்தக் கோடு எங்கிருந்து வந்தது? 1980-களில் எஃப்.பி.ஐ., தொடர்கொலைகாரர்களிலிருந்து ஒரே நேரத்தில் பலரைக் கொல்பவர்களைப் பிரித்துப் பார்க்க முனைந்தது. ஒரே சம்பவத்தில் நான்கு பேரோ அதற்கு மேலோ கொல்லப்பட்டால் அது கூட்டுக்கொலை என்று வைத்துக்கொண்டது. துப்பாக்கி, கத்தி, தீ என்ற வேறுபாடெல்லாம் அதில் இல்லை. ஆய்வாளர்கள் பலர் அந்த 'நான்கு' என்பதை அப்படியே எடுத்து, துப்பாக்கிக்கு மட்டும் பொருத்திக்கொண்டார்கள். பிறகு 2013 ஜனவரியில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ஒரு சட்டம், மாநிலங்கள் கேட்டால் மத்திய அரசு விசாரணையில் உதவலாம் என்று சொன்னது. அதற்காகக் கூட்டுக்கொலையை மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கொலைகள் என்று வரையறுத்தது. மதர் ஜோன்ஸ் அந்த ஆண்டு முதல் தன் கோட்டை நான்கிலிருந்து மூன்றாக இறக்கியது.

கன் வயலென்ஸ் ஆர்க்கைவ் வேறு வழியில் போனது. சுட்டவரைத் தவிர்த்து நான்கு பேர் மீது குண்டு பட்டிருந்தால் போதும். இறந்தார்களா பிழைத்தார்களா என்று அது பார்ப்பதில்லை. அதனால்தான் அதன் எண் இவ்வளவு பெரிதாக இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள பல சம்பவங்களில் ஒருவர்கூட இறந்திருக்க மாட்டார்.

ஒரே ஒரு சம்பவத்தை வைத்து இதைப் பார்க்கலாம். 2019 ஜூலை 28. கலிஃபோர்னியாவில் கில்ராய் என்ற ஊர் பூண்டு விளைச்சலுக்குப் பேர்போனது. அங்கே ஆண்டுதோறும் நடந்துவந்த பூண்டுத் திருவிழாவின் கடைசி நாள் அது. நுழைவாயிலில் சோதனை இருந்ததால், ஓர் இளைஞன் பின்பக்க வேலியை வெட்டிக்கொண்டு உள்ளே வந்து துப்பாக்கியால் சுட ஆரம்பித்தான். ஒரு நிமிடத்துக்குள் போலீசார் அவனை எதிர்கொண்டார்கள். அதற்குள் 6 வயதுச் சிறுவன், 13 வயதுச் சிறுமி, 25 வயது இளைஞர் என மூன்று பேர் இறந்தார்கள். 17 பேர் காயமடைந்தார்கள்.

மொத்தம் இருபது பேர் பாதிக்கப்பட்ட இந்தச் சம்பவம், 'நான்கு பேர் இறந்திருக்க வேண்டும்' என்ற விதிப்படி மாஸ் ஷூட்டிங்கே கிடையாது. மதர் ஜோன்ஸின் 'மூன்று' விதியில் உண்டு. 'நான்கு பேர் மேல் குண்டு' என்ற விதியிலும் உண்டு.

இறப்பை மட்டும் அளவுகோலாக வைப்பதில் எனக்கு ஒரு நெருடல் எப்போதும் இருக்கிறது. குண்டுபட்டவர் பிழைப்பாரா என்பது சுட்டவனின் நோக்கத்தை மட்டும் பொறுத்ததில்லை. பக்கத்தில் நல்ல ஆஸ்பத்திரி இருந்ததா, ஆம்புலன்ஸ் எவ்வளவு சீக்கிரம் வந்தது, குண்டு ஓர் அங்குலம் தள்ளிப் பாய்ந்ததா என்பதெல்லாம் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. ஒரு டாக்டர் திறமையாக ஓர் உயிரைக் காப்பாற்றினால், அந்தச் சம்பவமே பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறது. மறுபக்கம், இறப்புக் கணக்கு உறுதியானது, பழைய ஆண்டுகளுக்கும் கிடைப்பது. காயமடைந்தவர்களின் கணக்கை 1980-களுக்குப் போய்த் தேடினால் நம்பகமாகக் கிடைக்காது. நீண்டகாலப் போக்கைப் பார்க்க விரும்பும் ஆய்வாளர்கள் இறப்பைப் பிடித்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சுருக்கமாக இதுவரை: கோட்டை எங்கே போடுகிறோம், இறந்தவர்களை எண்ணுகிறோமா குண்டுபட்டவர்களையும் எண்ணுகிறோமா என்பதிலேயே கணக்கு பல மடங்கு மாறிவிடும். சுட்டவர் இறந்தால் அவரைப் பெரும்பாலும் எந்தப் பட்டியலும் சேர்ப்பதில்லை.

எங்கே, எதற்காக?

அடுத்த வடிகட்டி இடமும் காரணமும். செய்தி வாசிக்கும்போது நம் கண்ணில் படாமல் போவது இதுதான்.

மதர் ஜோன்ஸ் பட்டியலில் ஏற, சம்பவம் பொது இடத்தில் நடந்திருக்க வேண்டும். கொள்ளையடிக்கப் போய்ச் சுட்டது, ரவுடி கும்பல் மோதல், வீட்டுக்குள் நடந்த குடும்பத் தகராறு ஆகியவை சேராது. தி வயலென்ஸ் ப்ராஜெக்ட் என்ற ஆய்வுக் குழுவும் பொது இடத்தில் நான்கு பேர் கொல்லப்பட்ட சம்பவங்களைத்தான் 1966-லிருந்து தொகுக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த இடத்தில் ஒருவர் ஏன் சுடுகிறார் என்பதுதான் இவர்களின் கேள்வி. அதற்கு அந்த வடிகட்டல் பொருத்தமானது.

ஆனால் அந்த வடிகட்டலில் எவ்வளவு வெளியே போகிறது என்று பாருங்கள். 2023 ஜனவரி முதல் வாரத்தில், யூட்டா மாநிலத்தின் ஈனோக் என்ற சிற்றூரில் ஒருவர் தன் மனைவி, ஐந்து குழந்தைகள், மாமியார் என ஏழு பேரையும் வீட்டுக்குள் சுட்டுக் கொன்றுவிட்டுத் தானும் இறந்தார். மனைவி விவாகரத்துக்கு மனு போட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. பொது இடக் கணக்கில் அந்த ஏழு பேருக்கு இடமில்லை. இந்த வகைக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் குடும்பக் கொலை: குடும்பத்தில் ஒருவரே மற்றவர்களைக் கொல்வது.

இது அபூர்வம் என்று நினைத்தால் தப்பு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஆய்வுப் பிரிவு 2015-இல் வெளியிட்ட அறிக்கை, 1999 முதல் 2013 வரை நான்கு பேரோ அதற்கு மேலோ சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவங்களைப் பிரித்துப் பார்த்தது. ஆண்டுக்குச் சராசரியாக 21 சம்பவங்கள். அதில் டிவியில் நாம் பார்க்கும் பள்ளி, தியேட்டர், அலுவலகம் போன்ற பொது இடச் சம்பவங்கள் 4 சொச்சம்தான். குடும்பக் கொலைகள் அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கொள்ளை, போதைப்பொருள், கும்பல் பகை போன்ற மற்ற குற்றங்களோடு வந்தவையும் அதே அளவு.

மாஸ் ஷூட்டிங் என்றதும் முகம் தெரியாத ஒருவன் கூட்டத்தில் புகுந்து சுடும் காட்சிதான் நம் மனதில் வருகிறது. நான்கு பேரோ அதற்கு மேலோ சுட்டுக் கொல்லப்பட்ட சம்பவங்களில் பெரும்பகுதி அப்படி நடக்கவில்லை. சமையலறையிலும் படுக்கையறையிலும், கொன்றவரை 'அப்பா' என்று கூப்பிட்ட குழந்தைகளுக்கும் நடந்திருக்கிறது. பொது இடச் சம்பவங்களைத் தனியாக ஆராய்வதில் எனக்கு மறுப்பில்லை. அந்தச் சின்ன எண்ணைக் காட்டி, "மொத்தமே இவ்வளவுதான்" என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

எஃப்.பி.ஐ.யின் 40 எதைக் குறிக்கிறது?

எஃப்.பி.ஐ. ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை மாஸ் ஷூட்டிங் பற்றியதே இல்லை. அது 'ஆக்டிவ் ஷூட்டர்' சம்பவங்களைப் பற்றியது. மக்கள் நடமாட்டமுள்ள இடத்தில் ஒருவரோ பலரோ ஆட்களைக் கொல்வதில், அல்லது கொல்ல முயல்வதில், தற்சமயம் ஈடுபட்டிருப்பது என்று அதற்குப் பொருள்.

இதில் குறைந்தபட்ச எண்ணிக்கையே கிடையாது. ஒருவன் சூப்பர் மார்க்கெட்டில் கண்டபடி சுட்டு, நல்ல வேளையாக யார் மீதும் படவில்லை என்றாலும் பட்டியலில் ஏறும். பத்துப் பேர் சுடப்பட்டும், அது கும்பல் மோதல் என்று தெரிந்தால் ஏறாது. காரணம், இந்தக் கணக்கு போலீசாருக்காகப் போடப்படுவது. சம்பவம் நடந்துகொண்டிருக்கும்போதே உள்ளே போக வேண்டியவர்கள் எதை எதிர்பார்க்கலாம், எப்படிப் பயிற்சி எடுக்கலாம் என்பதுதான் அதன் நோக்கம். 2020-இல் 40, 2021-இல் 61 என்று அது சொல்வதை மற்ற பட்டியல்களோடு ஒப்பிட்டால், ஒப்பீடே தப்பாகிவிடும்.

ஒரு சம்பவம் எங்கே முடிகிறது?

'ஒரே சம்பவத்தில்' என்று எல்லா வரையறையும் எளிதாகச் சொல்லிவிடுகிறது. நடைமுறையில் அது அவ்வளவு லேசில்லை.

2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் காலை ஏழேகால் மணியளவில் விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, வளாகத்தின் வேறொரு பகுதியில் உள்ள நாரிஸ் ஹால் கட்டடத்தில் அதே ஆள் வகுப்பு வகுப்பாகப் புகுந்து 30 பேரைக் கொன்றான். அங்கே நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன், கோபிசெட்டிபாளையம் பகுதியிலிருந்து போனவர். இறந்தவர்களில் அவரும் ஒருவர். இடைவெளி இருந்தும் 32 பேரையும் ஒரே சம்பவமாகத்தான் எல்லோரும் எண்ணுகிறார்கள். இதுவே இரண்டு ஊர்கள், எட்டு மணி நேர இடைவெளி என்றால்? சில பட்டியல்கள் 24 மணி நேரம் வரை சேர்த்துக்கொள்கின்றன. சில, 'ஏறத்தாழ அதே நேரம், அதே இடம்' என்று கேட்கின்றன. இந்த ஒரு வரியின் வேறுபாட்டால் ஒரு சம்பவம் இரண்டாகும், அல்லது இரண்டு துண்டிலும் எண்ணிக்கை போதாமல் காணாமலே போகும்.

இறந்தோர் எண்ணிக்கையும் நின்றுவிடுவதில்லை. 2017 அக்டோபர் 1-இல் லாஸ் வேகஸ் இசை விழாவில் கொல்லப்பட்டவர்கள் 58 என்று வெகுநாள் எழுதப்பட்டது. காயமடைந்திருந்த இரண்டு பெண்கள் 2019-இலும் 2020-இலும் இறக்க, அது 60 ஆனது. 2019 ஆகஸ்ட் 3-இல் டெக்சஸ் மாநிலம் எல் பாசோவில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் முதல் நாள் 20, இரண்டு நாள் கழித்து 22, அடுத்த ஆண்டு ஏப்ரலில் 23. விஸ்கான்சின் மாநிலம் ஓக் க்ரீக் குருத்வாராவில் 2012 ஆகஸ்ட் 5 அன்று ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். தலையில் குண்டு பாய்ந்து, முடங்கிப்போய்ப் படுக்கையிலேயே கிடந்த சீக்கிய மதகுரு ஒருவர் 2020 மார்ச்சில் இறந்தார். ஏழரை ஆண்டு கழித்து நேர்ந்த அந்த மரணமும் கொலைதான் என்று மருத்துவப் பரிசோதகர் பதிவு செய்தார். பழைய கட்டுரையில் ஆறு, புதிய கட்டுரையில் ஏழு என்று பார்த்தால் பிழை என்று நினைக்க வேண்டாம்.

தகவல் வந்து சேரும் வழி

விதி எவ்வளவு தெளிவாக இருந்தாலும், தகவல் கோணலாக வந்தால் கணக்கும் கோணல்தான். கன் வயலென்ஸ் ஆர்க்கைவ் செய்திகள், போலீஸ் அறிக்கைகள் ஆகியவற்றிலிருந்து தினமும் திரட்டுகிறது. எஃப்.பி.ஐ.யின் பொதுவான குற்றப் புள்ளிவிவரமோ உள்ளூர்க் காவல்துறைகள் அனுப்புவதை நம்பி இருக்கிறது. 2021-இல் அது புதிய பதிவு முறைக்கு மாறியபோது, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரக் காவல்துறைகளின் தகவலே வரவில்லை.

பள்ளிகளின் கணக்கு இன்னும் மோசம். 2015-16 கல்வியாண்டில் ஏறக்குறைய 240 பள்ளிகளில் துப்பாக்கிச்சூடு தொடர்பான சம்பவம் நடந்ததாக அமெரிக்கக் கல்வித் துறை வெளியிட்டது. பொது வானொலியான என்.பி.ஆர். ஒவ்வொரு பள்ளியாக விசாரித்தபோது 11-ஐத்தான் உறுதிப்படுத்த முடிந்தது. கிளீவ்லாந்து நகரப் பள்ளிகளிலிருந்து 37 என்று போயிருந்தது. கத்தியோ துப்பாக்கியோ வைத்திருந்ததைப் பற்றிய கேள்விக்கான எண், படிவத்தில் ஒரு வரி தள்ளி, சூடு நடந்ததா என்ற கேள்விக்கு எதிரே ஏறிவிட்டது.

2018 பிப்ரவரியில் ஃப்ளோரிடா மாநிலத்தின் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட அன்றே, "இந்த ஆண்டின் 18-வது பள்ளித் துப்பாக்கிச்சூடு" என்ற வரி உலகம் முழுக்கப் பரவியது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் போராடும் ஓர் அமைப்பின் கணக்கு அது. பள்ளி வளாகத்தில் எந்தக் காரணத்துக்காகத் துப்பாக்கி வெடித்தாலும் அதன் விதிப்படி சேரும். மூடிக் கிடந்த ஒரு பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் செய்துகொண்ட தற்கொலையும் அந்த 18-இல் ஒன்று. விதியை அந்த அமைப்பு மறைக்கவில்லை. செய்தியை எடுத்துப் போட்டவர்கள்தான் விதியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நல்ல நோக்கம் உள்ள கணக்குகூட இப்படித்தான் நம்பிக்கையை இழக்கிறது. அது வருத்தமான விஷயம்.

சுருக்கமாக: 'ஒரே சம்பவம்' என்பதற்கு நேரமும் இடமும் வகுக்க வேண்டும், இறந்தோர் எண் ஆண்டுகள் கழித்தும் மாறும், தகவல் அனுப்புகிறவரின் கைப்பிழையும் கணக்கில் ஏறும்.

எதற்கு எந்த எண்?

துப்பாக்கியால் ஊரில் எவ்வளவு சேதம், எத்தனை ஆஸ்பத்திரிகள் ஒரே நேரத்தில் பலரைத் தாங்க வேண்டியிருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் கன் வயலென்ஸ் ஆர்க்கைவின் பெரிய எண்தான் உதவும். பொது இடத் தாக்குதல்களைத் தடுக்க வழி தேடினால் மதர் ஜோன்ஸ், வயலென்ஸ் ப்ராஜெக்ட். போலீஸ் பயிற்சிக்கு எஃப்.பி.ஐ. 'கூடுகிறதா குறைகிறதா' என்று கேட்டால், ஒரே பட்டியலை ஆண்டுக்கு ஆண்டு பார்க்க வேண்டும், நடுவில் விதி மாறியதா என்றும் பார்க்க வேண்டும். மதர் ஜோன்ஸில் 2013-க்கு முன்னும் பின்னும் அப்படியே ஒப்பிட்டால், கோடு இறங்கியதால் வந்த உயர்வும் உண்மையான உயர்வும் கலந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலைகள். எந்த வரையறையை எடுத்தாலும் மாஸ் ஷூட்டிங்கில் இறப்பவர்கள் இந்த மொத்தத்தில் மிகச் சிறிய பங்குதான். மாஸ் ஷூட்டிங் எண்ணை வைத்தே முழுப் பிரச்சினையையும் அளந்தால், இத்தனை தற்கொலைகளும் கண்ணில் படாமலே போகும்.

நாடுகளை ஒப்பிடும்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும். 1996-இல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு ஆஸ்திரேலியா துப்பாக்கிச் சட்டத்தை இறுக்கியது. "அதற்கப்புறம் 2018 வரை அங்கே ஒரு மாஸ் ஷூட்டிங்கூட இல்லை" என்ற வாக்கியத்தை அடிக்கடி பார்க்கலாம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்களின் விதிப்படி அது சரி. அவர்கள் வைத்த கோடு, சுட்டவரைத் தவிர்த்து ஐந்து பேர் இறந்திருக்க வேண்டும் என்பது. அதே விதிப்படி, சட்டத்துக்கு முந்தைய 18 ஆண்டுகளில் அங்கே 13 சம்பவங்கள். 2002-இல் மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் இருவர் இறந்து ஐவர் காயமடைந்த துப்பாக்கிச்சூடு இந்தக் கணக்கில் வராது. கன் வயலென்ஸ் ஆர்க்கைவின் விதியைக் கொண்டுபோய் அங்கே பொருத்தினால் வரும். எனவே அமெரிக்காவின் 600-ஐயும் ஆஸ்திரேலியாவின் பூஜ்யத்தையும் பக்கத்தில் வைத்து எழுதுவது நியாயமில்லை. இரண்டு நாட்டுக்கும் ஐந்து பேர் விதியையே போட்டுப் பார்க்கலாம், அல்லது இரண்டுக்கும் குண்டுபட்டவர் விதியைப் போடலாம். எப்படிப் போட்டாலும் ஆஸ்திரேலியா வெகு கீழேதான் இருக்கும், அதைச் சொல்ல விதியை மாற்றி மாற்றிப் போட வேண்டிய தேவையே இல்லை.